கியர் பெட்டியின் எண்ணெயும் வாங்குவோரின் உரிமையும்

ஐரோப்பியக் கார்களை விற்கிறவர்கள் வாங்க வருகிறவரிடம் சொல்லும் வாக்குறுதிகளில் மிகவும் தீங்கானது எது என்று என்னைக் கேட்டால், தானியங்கிக் கியர் பெட்டியில் உள்ள எண்ணெயை வண்டியின் ஆயுள் முடியுமட்டும் மாற்ற வேண்டியதே இல்லை என்பதுதான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். வண்டியின் வேகத்தைப் பற்றியோ, அது குடிக்கும் பெட்ரோலைப் பற்றியோ மிகைப்படுத்திச் சொன்னால் சில மாதங்களுக்குள் சாயம் வெளுத்துவிடும்; ஆனால் எண்ணெயைப் பற்றிய வாக்கு பொய்த்துப்போக ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கின்றன; அதற்குள் முதலில் வாங்கியவர் வண்டியை விற்றுவிட்டுப் போயிருப்பார்; கம்பெனியின் வாரண்டியும் தீர்ந்திருக்கும்; நெடுநாள் ஆசைக்காகச் சேமிப்பைச் செலவிட்டு அதைப் பழைய வண்டியாக வாங்கிய ஒரு நடுத்தரக் குடும்பத்தின் தலையில், புதிய கியர் பெட்டிக்கான லட்சக்கணக்கான ரூபாய்ச் செலவு வந்து விழும்.

பற்சக்கரங்கள் தேயாமலிருக்க ஊற்றப்பட்ட மசகுதானே அந்த எண்ணெய் என்று நினைப்பது இயல்பு. கையால் கியர் மாற்றும் வண்டியைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரும்பாலும் சரியே. தானியங்கிப் பெட்டியில் விஷயம் வேறு. வண்டி நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும்போது, டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழன்று எஞ்சினின் சக்தியைச் சக்கரங்களை நோக்கிக் கடத்துவது அந்த எண்ணெய். பம்ப்பின் அழுத்தத்தோடு வால்வ் பாடியின் நுண்ணிய வழிகளில் பாய்ந்து, எந்தக் கிளட்ச் இறுக வேண்டும், எது விட வேண்டும் என்ற கட்டளையை நிறைவேற்றுவதும் அந்த எண்ணெய். உரசிப் பிடிக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் நடுவே நின்று, பிடிப்பு மிகுந்து வண்டி துள்ளாமலும், குறைந்து வழுக்காமலும் உராய்வை அளந்து கொடுப்பதும், அப்போது பிறக்கும் உஷ்ணத்தை வாரிக்கொண்டு போவதும் அதே எண்ணெய்தான். இத்தனை காரியங்களுக்கும் அதைத் தகுதியாக்குவதற்காகச் சேர்க்கப்பட்ட ரசாயனப் பொருள்கள் ஆண்டுக்கணக்கான சூட்டில் மெல்ல மெல்லச் சிதைகின்றன. பிளேட்டுகளிலிருந்து உதிரும் பொடியில் இரும்புத் துகளை அடித்தட்டிலுள்ள காந்தம் பிடித்துக்கொள்ளும். இரும்பல்லாத துகள் வடிகட்டியில் படிந்து, அதையும் மீறியது வால்வுகளுக்குள் புகும். கியர் மாறும்போது ஒரு சிறு உதறல், சிக்னலில் நின்று கிளம்பும்போது ஒரு கணத் தயக்கம் என்று தொடங்குகிற கோளாறு, கவனிப்பாரில்லாமல் போனால், கிளட்ச் பிளேட்டுகள் கருகுவதில் சென்று முடிகிறது.

எண்ணெயை மாற்றத்தான் வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயமன்று. ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள ஃபிரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் நகரில், செப்பலின் ஆகாயக் கப்பல்களுக்குப் பற்சக்கரங்கள் செய்வதற்காக 1915-ல் தோன்றிய இசட்.எஃப். என்னும் ஸ்தாபனம், இன்று பல உயர்ந்த ரகக் கார்களுக்குக் கியர் பெட்டி செய்து கொடுத்து வருகிறது. 2009-ல் பி.எம்.டபிள்யூ.வின் பெரிய கார்களில் அறிமுகமாகி, பின்னர் ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் என்று பரவிய அதன் எட்டு கியர்ப் பெட்டி, கிளட்சும் பிரேக்குமாக வெறும் ஐந்தைக் கொண்டு எட்டு வேகங்களைப் பிறப்பிக்கிற ஓர் அற்புதமான யந்திரம். 2007 முதல் செங்கல்பட்டுக்கு அருகே மகேந்திரா வேர்ல்டு சிட்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் பி.எம்.டபிள்யூ. கார்களிலும் இந்தப் பெட்டியைக் காணலாம். இதைப் படைத்த இசட்.எஃப்., 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது அதிகம் போனால் எட்டு ஆண்டுகளுக்குள், எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றியாக வேண்டும் என்று எழுத்திலேயே கூறுகிறது. அதை வாங்கி வண்டியில் பூட்டுகிற கார் கம்பெனியோ, அது ஆயுளுக்கும் போதுமான எண்ணெய் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. ஒரே பெட்டியைப் பற்றி இரண்டு சொற்கள் வழங்கும்போது, பெட்டியைச் செய்தவரின் சொல்லைத் தள்ளிவிட்டு, பராமரிப்புச் செலவு குறைவு என்று காட்டிக்கொள்வதில் லாபமுள்ளவரின் சொல்லை எந்த நியாயத்தைக் கொண்டு ஏற்பது? ஐரோப்பாவில் ஏராளமான புதுக் கார்கள் கம்பெனி உபயோகத்துக்காக மூன்று நான்கு ஆண்டுக் குத்தகையில் எடுக்கப்படுகின்றன என்பதும், அந்தக் குத்தகைக் கணக்கில் ஒவ்வொரு பராமரிப்புச் செலவும் எண்ணிப் பார்க்கப்படுகிறது என்பதும் இதற்குப் பின்னணியாக இருப்பதாக நான் கருதுகிறேன். அந்தக் கணக்கில் எட்டாவது ஆண்டுக்கு இடமே இல்லை.

நம் போன்ற உஷ்ணப் பிரதேசங்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. வோக்ஸ்வாகனின் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி, இரட்டை உலர் கிளட்ச் கொண்டது. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் நற்பெயரோடு ஓடிய அது, வெப்பமும் ஈரமும் மிகுந்து, ஊர்ந்து ஊர்ந்து நகர வேண்டிய நெரிசலும் சேர்ந்த ஆசிய நகரங்களில் திணறியது. 2013 மார்ச் மாதத்தில் சீன அரசுத் தொலைக்காட்சி இதை அம்பலப்படுத்திய சில நாட்களில், அந்த நாட்டில் மட்டும் 3,84,181 கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களில் அந்தப் பெட்டியின் செயற்கை எண்ணெயை வடித்துவிட்டு, கனிம எண்ணெய் ஊற்றித் தருவதாகக் கம்பெனியே அறிவித்தது. வெப்பமான இடங்களில் அந்தச் செயற்கை எண்ணெய் பெட்டிக்குள்ளிருக்கும் மின்பாகங்களுக்குக் கேடு செய்யக்கூடும் என்பது காரணம். ஆயுள் முழுவதற்கும் என்று நிச்சயமாகச் சொல்லப்பட்ட ஒரு திரவம், சீதோஷ்ணம் மாறினால் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அதைத் தேர்ந்தெடுத்த மேதைகளே முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. ஐரோப்பிய நிலைமைகளை மனத்தில் வைத்து வகுத்த தவணைகளைச் சென்னையின் சித்திரை வெயிலுக்கும் அப்படியே பொருத்துவது எவ்விதத்திலும் தகாது.

எண்ணெய் ஒரு பாதிதான். மற்றொரு பாதி, பழுதுபார்க்கும் முறையைப் பற்றியது. மெர்சிடிஸ் பென்ஸ் 1990-களின் நடுவில் கொண்டுவந்த 722.6 என்னும் ஐந்து கியர்ப் பெட்டியில், எண்ணெய் அளவைப் பார்க்கும் குழாய் உண்டு; ஆனால் அதற்குள் அளவுகோல் கிடையாது; அதன் மூடியோ பூட்டுமுள் போட்டு அடைக்கப்பட்டிருக்கும். முதலில் அதற்கும் ஆயுள் எண்ணெய் என்றே சொன்னார்கள். பிற்பாடு அந்தக் கம்பெனியே மனம் மாறித் தவணை வகுத்தது. இந்தப் பெட்டியின் பக்கவாட்டில் ஒயர்கள் நுழையும் பிளாஸ்டிக் இணைப்பில் இருக்கிற சிறிய ரப்பர் வளையங்கள் நாளாவட்டத்தில் இறுகிப்போகும். அப்போது எண்ணெய் கசிவதோடு நில்லாமல், ஒயர்களின் உள்ளிழைகள் வழியாகத் திரியில் ஏறுவதுபோல் ஊர்ந்து, தூரத்திலிருக்கும் கட்டுப்பாட்டுக் கணினி வரை போய்ச் சேர்ந்துவிடும். வண்டி ஒரே கியரில் சிக்கி நிற்கும். விஷயம் தெரிந்த மெக்கானிக் அந்த இணைப்பைக் கழற்றிப் பார்த்து, எண்ணெய் படிந்திருந்தால் அதை மாற்றி, கணினியைச் சுத்தம் செய்து வண்டியை அனுப்பிவிடுவார். விஷயம் தெரியாதவர், அல்லது தெரிந்துகொள்ள அனுமதிக்கப்படாதவர், முழுப் பெட்டியையும் மாற்ற எழுதித் தருவார். இந்த இரண்டு பேரையும் பிரித்து வைப்பது திறமை மட்டுமன்று. கையேடு, பரிசோதனைக் கருவி, உதிரிப்பாகம் ஆகிய மூன்றும் யாருக்குக் கிடைக்கின்றன, யாருக்கு மறுக்கப்படுகின்றன என்பதே.

நம் நாட்டில் இப்படி மறுக்கப்பட்டது விசாரணையில் வெளிவந்த விஷயம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிப்பாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்து சந்தையை முடக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு; பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் பென்ஸ், வோக்ஸ்வாகன், ஸ்கோடா ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதன்பின் மேல்முறையீடுகள் எழுந்தன. ஐரோப்பாவிலோ, காரின் பரிசோதனைத் துளையில் கருவியைச் சொருகி முழுமையாகப் பயன்படுத்தப் பதிவும் கட்டணச் சந்தாவும் வேண்டும் என்று ஃபியட் குழுமத்தின் இத்தாலிய நிறுவனம் விதித்த நிபந்தனைகளை, சட்டத்தில் இல்லாத தடைகள் என்று 2023 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தள்ளிவிட்டது. பாதுகாப்பு என்ற பெயரைச் சொல்லிப் பட்டறையின் கதவை அடைக்க முடியாது என்று ஓர் உயர்ந்த நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது எனக்கு மிகுந்த ஆறுதல் அளித்தது.

பழைய பெட்டியில் எண்ணெயை மாற்றினால் பெட்டியே போய்விடும் என்று மெக்கானிக்குகள் பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை அலட்சியம் செய்வது சரியன்று. ஏற்கெனவே கிளட்ச் கருகி வழுக்கத் தொடங்கிய பெட்டி, எண்ணெய் மாற்றிய சில நாட்களில் நின்றுபோவதுண்டு. ஆனால் அங்கே வியாதி முற்றிய பிறகுதான் வைத்தியம் தொடங்கியது. எண்ணெயின் அளவைக்கூட ஊகத்தில் வைக்கக்கூடாது: இசட்.எஃப்.பின் எட்டு கியர்ப் பெட்டியில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெயின் உஷ்ணம் ஏறத்தாழ 40 டிகிரியில் நிற்கும்போது, நிரப்புத் துளையிலிருந்து வழியும்வரை ஊற்றுவதே முறை. அளவு குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். சரியான எண்ணெய்க்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்ததை ஊற்றினால், மாற்றாமல் இருந்ததைவிட அதிகக் கேடு விளையும்.

இனி மின்சாரக் கார். அதில் கியர் பெட்டியே இல்லை, ஆகையால் இந்தத் தொல்லையெல்லாம் ஒழிந்தது என்று சொல்லக் கேட்கிறேன். பெரும்பாலானவற்றில் மாற்றி மாற்றிப் போடுகிற கியர்கள் இல்லை என்பதே உண்மை. நிமிடத்துக்குப் பதினாயிரம், அதற்கும் மேல் சுழலக்கூடிய மோட்டாரின் வேகத்தைச் சக்கரத்துக்கு ஏற்றபடி குறைக்க, ஒரு பற்சக்கரத் தொகுதி கட்டாயம் வேண்டும். நிஸான் லீஃபில் அந்த விகிதம் ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று, டெஸ்லா மாடல் 3-ல் ஒன்பதுக்கு ஒன்று. 2019-ல் வந்த போர்ஷே டேகானின் பின்பக்கத்தில் இரண்டு கியர்கள்கூட உண்டு. மிதித்த கணத்திலேயே முழு முறுக்கு விசையும் பற்களில் இறங்குகிறது. காலை எடுத்தால் மோட்டார் மின்னாக்கியாகி, அதே பற்களின் மறுபக்கத்தை அழுத்துகிறது. இதற்கு மேல், இன்வெர்ட்டரின் வேகமான மின்துடிப்புகளால் மோட்டாரின் தண்டில் மின்னழுத்தம் ஏறி, பேரிங் குண்டுகளின் வழியாகப் பொறியாகப் பாய்ந்து, ஓடுபாதையில் வரிவரியாகப் பள்ளம் விழச் செய்யும் ஒரு புதிய நோயும் உண்டு; பீங்கான் குண்டுகளையும், தண்டைத் தரையோடு இணைக்கும் வளையங்களையும் வைத்துத் தயாரிப்பாளர்கள் இதைச் சமாளிக்கிறார்கள். மாடல் 3 போன்றவற்றில் அதே எண்ணெய் மோட்டாரின் செம்புச் சுருள்களையும் குளிர்விக்கிறது. எஞ்சினில் இருப்பது போன்ற வடிகட்டியும் அங்கே உண்டு. வடிகட்டி எதற்காக? ஏதோ ஒன்று உதிர்ந்து வரும் என்று செய்தவருக்குத் தெரியும் என்பதற்காகத்தானே? ஆயினும் உரிமையாளருக்குக் கொடுக்கப்படும் பராமரிப்புப் பட்டியலில் அந்த எண்ணெய்க்குத் தவணை காணப்படவில்லை.

ஐரோப்பியக் கார்களில் நடந்த தவறு இங்கே இரண்டு மடங்காக நடந்துவிடுமோ என்பதே என் கவலை. ஒரு பேரிங் இரைந்தால் பேரிங்கை மாற்றலாம் என்ற வழக்கம் போய், மோட்டார், இன்வெர்ட்டர், பற்சக்கரம் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுதியையும் மாற்றும் வழக்கம் வேரூன்றி வருகிறது. 400 வோல்ட்டும், டேகான் போன்றவற்றில் 800 வோல்ட்டும் ஓடுகிற வண்டியைப் பயிற்சியற்ற கைகள் திறக்கக்கூடாது என்பது உண்மை. அதற்குப் பரிகாரம் பயிற்சியே ஒழியப் பூட்டு அல்ல. ஜெர்மனியில் உயரழுத்த வண்டிகளில் வேலை செய்யப் படிநிலைகளாக வகுத்த பயிற்சித் தகுதிகள் இருக்கின்றன; நம் ஐ.டி.ஐ.களிலும் அப்படிப்பட்ட பாடத்தையும், மின் இணைப்பைத் துண்டித்து மிச்ச அழுத்தம் வடியும்வரை காத்திருக்கும் ஒழுக்கத்தையும் கற்பித்து, தேறியவருக்குச் சான்றிதழ் கொடுத்து, அந்தச் சான்றிதழ் உள்ளவருக்குக் கையேட்டையும் பேரிங்கையும் நியாயமான விலைக்கு விற்கும்படி கம்பெனிகளைச் சட்டத்தால் கட்டுப்படுத்த வேண்டும்.

அந்தச் சட்டம் வரும்வரை, பழைய ஐரோப்பியக் கார் வாங்குகிறவர்கள், ஆர்.சி. புத்தகத்தையும் இன்ஷூரன்ஸையும் கேட்டுப் பார்ப்பது போலவே, கியர் எண்ணெய் மாற்றியதற்கான பில்லையும் கேட்டுப் பார்க்கட்டும். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, எடுத்த மாதத்திலேயே மாற்றிவிடட்டும். கார் கம்பெனிகளோ சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை: பெட்டி செய்தவர் எழுதிக் கொடுத்திருக்கும் தவணையைத் தங்கள் கையேட்டின் அடுத்த பதிப்பிலேயே அவர்கள் அச்சிட்டுவிடலாம்.