ஐந்து முறை சரியாக வந்தால் ஆறாவதும் வருமா?

"நாலைந்து எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாச்சு, சரியா வருது. அப்ப சூத்திரம் சரிதான்!"

கணக்கு வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. 'அடுத்த எண் என்ன?' என்று கேட்கும் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களிடம் இதற்கு மறுபேச்சே கிடையாது. இந்த வியாதிக்கு மருந்தாக ஒரே ஒரு எண் போதும்: 4294967297.

இந்த எண் எங்கிருந்து வந்தது? 2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளை எடுத்து, ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பாருங்கள். 3, 5, 17, 257, 65537 என்று வரும். ஐந்துமே பகா எண்கள். அடுத்தது 32ஆம் அடுக்கு. அதோடு 1 கூட்டினால் கிடைப்பதுதான் 4294967297.

இந்த வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 1640-இல் ஃபெர்மா நம்பினார். சாதாரண ஆளா அவர்! எண்ணியலின் தந்தைகளில் ஒருவர். 1732-இல் ஆய்லர் வந்தார். அந்த எண் 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்று காட்டினார். ஈவு 6700417. அவ்வளவுதான், கதை முடிந்தது.

சந்தேகம் இருந்தால் கால்குலேட்டர்கூட வேண்டாம், காகிதத்தில் பெருக்கிப் பார்க்கலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 641 எங்கோ ஒளிந்திருந்த எண் அல்ல. 2, 3, 5 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனாலும் 116ஆவது முறையில் பிடிபட்டுவிடும். அதைவிடக் குறுக்குவழியும் உண்டு. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே வேலை முடிந்தது! இந்தக் குறுக்குவழிக்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவினுடையது. அதே 1640-இல் அவரே எழுதியது. ஆயுதம் கையில் இருந்தும் தோற்றார் மனிதர். காரணம், முதல் ஐந்து எண்கள் கொடுத்த தைரியம்.

"நடைமுறைக்கு இவ்வளவு போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஊகத்தைத் தொடங்கி வைக்கப் போதும். முடிவு கட்டப் போதாது. ஃபெர்மாகூடத் தன்னிடம் முழு நிரூபணம் இல்லை என்று ஒப்புக்கொண்டார். 'ஊகம்' என்ற சொல்லையே மாணவன் கேட்காமல் பள்ளிப்படிப்பை முடித்துவிட முடிகிறதே, அதுதான் கொடுமை. குற்றம் மாணவன் மேல் இல்லை. அடுத்த எண்ணைச் சொன்னால் முழு மதிப்பெண், 'ஏன்?' என்று கேட்டால் பூஜ்யம் என்று பழக்கிவைத்த கேள்வித்தாளின் மேல்தான்.

சரி, 4294967297-க்குப் பிறகு என்ன ஆயிற்று? அதையும் சேர்த்து அடுத்தடுத்து 28 எண்கள் பகு எண்கள் என்று இதுவரை நிரூபித்திருக்கிறார்கள். புதிதாக ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை.

"அப்படியானால் மிச்சம் எல்லாமே பகு எண்கள்தான்" என்று இப்போது வாய் வரை வருகிறதா? அதற்கும் நிரூபணம் கிடையாது. ஃபெர்மாவின் அதே தவறு, திருப்பிப் போட்ட சட்டையில் வந்து நிற்கிறது. ஐந்தை நம்பி ஏமாந்தவர்கள், இருபத்தெட்டை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்?