பக்கம் நோக்கும் அரண்

கோட்டை என்றவுடன் மதிலும் அகழியும் கொத்தளமுமே நம் நினைவிற்கு வருவன. செக்கு நாட்டின் எல்லைப்புறத்து வயல்களிலும் காட்டோரங்களிலும் இன்றும் எஞ்சி நிற்கும் அரண்களோ அத்தகையன அல்ல. ஏழு போர்வீரர் இருத்தற்கே இடம் போதாத சிறு கான்கிரீட் அறைகள் அவை. பாசி படர்ந்து, பாதி மண்ணுள் மறைந்து, தொலைவிலிருந்து நோக்குவார்க்குப் பாறை போலவே தோன்றுகின்றன. அந்நாட்டார் அவற்றிற்கு இட்ட செல்லப் பெயர் 'ரொப்பீக்' என்பது. அரண் வேலைகளை நடத்திய இராணுவ இலாகாவின் முதலெழுத்துக்களினின்று பிறந்த பெயராம்.

ஜெர்மனியில் 1933ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சியேறியபின், அண்டை நாடாகிய செக்கோஸ்லோவாக்கியா தன் எல்லையைக் காக்க விரைந்தது. 1938ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திற்குள் இத்தகைய சிற்றரண்கள் ஏறக்குறைய 10,000 எழுந்தன. உள்ளே இரண்டு யந்திரத் துப்பாக்கிகள். புகையை வெளியேற்றக் கையால் சுழற்றும் விசிறி. வெளியே நோக்க மேற்கூரையில் ஒரு பெரிஸ்கோப். நெருங்கி வந்த பகைவன்மேல் வெடிகுண்டை உருட்டிவிட ஒரு குழாய். இவ்வளவே.

ஆயினும் இவற்றுள் மிகுதியாய்க் காணப்படும் வகையில் ஒரு புதுமையுண்டு. பகைவன் வரும் திசையில் துப்பாக்கித் துளை ஒன்றேனும் இல்லை. அப்பக்கம் தடித்த சுவரும், அதன்மேல் குவித்த கல்லும் மண்ணுமே. துளைகள் இரண்டும் வலமும் இடமுமாகப் பக்கங்களையே நோக்குகின்றன. அஃதாவது, ஓரரண் தன் முகப்பைத் தான் காப்பதில்லை. அண்டையரணின் முகப்பைக் காக்கிறது. தன்னைக் காக்கும் பொறுப்பை அண்டையரணிடம் விட்டிருக்கிறது. பகைவனின் பீரங்கிக் குண்டு துளையினுள் நேரே பாயாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. இத்தகைய சிக்கனமான அறிவை நாம் வியவாதிருக்க இயலவில்லை.

இவற்றைப் பயனற்றுப்போன கான்கிரீட் என்று நகைப்பாருண்டு. அவர் கூற்றை நாம் ஒப்போம். 1938 செப்டம்பர் 23ஆம் நாள் படை திரட்டப்பட்டது. வீரர் அரண்களுட் புகுந்து காத்திருந்தனர். ஆனால் அம்மாத இறுதியில் மியூனிக் நகரில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கும் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவை அவைக்கு அழையாமலே அதன் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு அளித்தன. பிரான்சோ 1924 முதல் அந்நாட்டுடன் நட்புடன்படிக்கை செய்திருந்த தேசம்! அரண்களுட் பெரும்பாலான ஒரு முறையும் சோதிக்கப்படாமலே பகைவர் கையிற் சென்றன. பின்னர் ஜெர்மானியர் அவற்றுட் சிலவற்றின்மேல் தம் குண்டுகளைப் பரீட்சித்தனர். தோற்றது கான்கிரீட் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

இப்பொழுது வேறொரு கவலை எழுகிறது. தனக்கு வேண்டாத அரண்கள் பலவற்றை அந்நாட்டு அரசாங்கம் தனியார்க்கு விற்றிருக்கிறது. வாங்கினோருட் சிலர் பழைய கதவையும் கருவிகளையும் தேடிப் பொருத்தி, வண்ணம் தீட்டிக் காட்சிசாலையாக்கியுள்ளனர். அவர்தம் உழைப்பை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆனால் ஓரரணை மட்டும் புதுக்கி, அதன் அண்டையரண்களைப் புதரில் விட்டுவிடின், காண வருவோர் முன்புறம் குருடான ஒரு பெட்டியைத்தான் காண்பர். துளை ஏன் வயலை நோக்குகிறது என்பது அவர்க்கு விளங்காது. ஆதலின், விற்பினும் காப்பினும், ஒன்றையொன்று பார்த்து நிற்கும் மூன்றையேனும் ஒருங்கே வைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இடைப்பட்ட வெளியில் வீடெழும்ப விடலாகாது. துளைக்கு நேரே வளர்ந்து நிற்கும் மரங்களை, அழகாயிருப்பினும், வெட்டிவிடுதல் நன்று.