மருந்துக்கு உதவாத முழக்கம்

கல்வானில் 2020 ஜூனில் 20 வீரர்கள் உயிரிழந்ததும் சீனப் பொருள்களைப் புறக்கணிக்கும் முழக்கம் எழுந்தது. ஆனால், ஹைதராபாத் மருந்து ஆலைகள் மூலப்பொருள்களுக்குச் சீனாவையே பெரிதும் நம்பியிருந்தன. இறக்குமதியாகும் மருந்து மூலப்பொருள்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு அங்கிருந்தே வருவதாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது.

ஒரே நாட்டில் உற்பத்தி குவிவது ஆபத்துதான். அதற்காகச் சீனர்களின் குணத்தைப் பழிப்பதில் பொருளில்லை. கரோனா பரவிய 2020 மார்ச்சில், பாராசிட்டமால் உள்ளிட்ட 26 மருந்துகள், மூலப்பொருள்களின் ஏற்றுமதிக்கு நாமும்தான் கட்டுப்பாடு விதித்தோம். தட்டுப்பாடு நேர்ந்தால் எந்த அரசும் தன் மக்களையே முதலில் பார்க்கும்.

சோவியத் உதவியுடன் ஹைதராபாதில் எழுந்த பொதுத்துறை ஐ.டி.பி.எல். ஆலையை நலியவிட்டது பெய்ஜிங் அல்ல, புது தில்லி. 2020-இல் அறிவிக்கப்பட்ட ரூ.6,940 கோடி ஊக்கத் திட்டம் காலம் கடந்த பரிகாரமே. அதையாவது முழுமையாக நிறைவேற்றட்டும்.