உப்பளமும் உப்பரிகையும்

சென்ற வாரம் கூனிமேட்டுத் தேநீர்க் கடையிலே ஒரு தோழரைச் சந்தித்தேன். மரக்காணத்து உப்பளத்திலே பாத்தி கட்டி, உப்பு வாரிக் காய்த்துப்போன கை அவர் கை. ஊர் முனையிலே நம் கொடியை ஏற்றுகிற கையும் அதே கைதான். தேநீர் ஆறிக் கொண்டிருந்தது, அவர் குடிக்கவில்லை. "என்ன தோழர், முகம் வாடியிருக்கிறதே?" என்று கேட்டேன்.

"எம் மவ பதினொன்னாவது படிக்குதுண்ணே. ராவெல்லாம் போனும் கையுமா கெடக்குது. பாடம் படிக்குதுன்னு நெனச்சேன். பாத்தா காதல் கதை! பணக்காரப் புள்ளைங்க தங்கிப் படிக்கிற பள்ளிக்கூடமாம். அங்க ஒரு ஏழைப் பொண்ணாம். மொதலாளி மவன் அவ பின்னாலயே சுத்துறானாம். போனைப் புடுங்கி வெச்சிட்டேன். படிப்பையே நிறுத்திப்புடலாமான்னு வூட்ல பேச்சு நடக்குதுண்ணே" என்றார்.

போனைப் பிடுங்கினார் என்பதல்ல என்னைச் சுட்டது. கடைசியிலே சொன்னாரே, படிப்பை நிறுத்திவிடலாமா என்று, அதுதான் சுட்டது. கதை படித்த குற்றத்துக்குக் கல்வியைப் பறிப்பதா? தலைவலிக்குத் தலையை வெட்டுவதா? இதைச் சொல்பவர் யாரோ பழைமைவாதி என்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். நம் தோழர் சொல்கிறார். ஆகவேதான் எழுதுகிறேன்.

அந்தக் கதைகளிலே சிலவற்றை நானும் படித்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே அச்சிலே வார்த்த பதுமைகள்! மலைமேல் ஒரு பள்ளி. சுற்றிலும் மதில். உள்ளே சீமான் வீட்டுச் செல்வர்கள். அவர்கள் நடுவே உதவித்தொகை பெற்று நுழைகிறாள் ஓர் ஏழைப் பெண். முதலில் ஏளனம், பிறகு மோதல், பிறகு மழை, மழை விட்டதும் காதல்! ஜப்பானில் யோகோ காமியோ என்ற அம்மையார் 1992-இல் இப்படி ஒரு படக்கதையைத் தொடங்கினார். 2009-இல் கொரியாவிலே அது 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடராயிற்று. அதிலே நாயகி ஒரு சலவைக்கடைக்காரர் மகள்! ஜெர்மனியின் மோனா காஸ்டன் 2018-இல் எழுதிய 'சேவ் மீ' நாவலிலும், அதிலிருந்து பிறந்து 2024-இல் வந்த 'மாக்ஸ்டன் ஹால்' தொடரிலும் இங்கிலாந்திலே ஒரு தனியார் பள்ளி, ஓர் உதவித்தொகை மாணவி, ஒரு கோடீசுவரன் மகன். அதே அச்சிலே தமிழிலும் இன்று செல்பேசிச் செயலிகளிலே தொடர்கதைகள் வந்து குவிகின்றன.

தங்கிப் படிக்கும் பள்ளியைக் கதைக்களமாக்கிப் புகழேற்றியவன் வெள்ளைக்காரன். தாமஸ் ஹியூஸ் 1857-இல் எழுதிய 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' அவற்றிலே பெயர்பெற்ற மூத்த நூல். அதற்கு அடுத்த ஆண்டே, 1858-இல், நீலகிரி லவ்டேலிலே லாரன்ஸ் பள்ளி தோன்றியது, வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக! 1901-இல் கொடைக்கானலிலே ஒன்று, அமெரிக்கப் பாதிரிமார்களின் பிள்ளைகளுக்காக! பின்னாளிலே அந்தக் கதவுகள் நம்மவர்க்கும் திறந்தன. ஆனால், பணம் கட்ட முடிந்தவர்க்கு. கூனிமேட்டுக்குக் கும்பினிக்காரன் புதியவனல்ல. பதினேழாம் நூற்றாண்டிலேயே இங்கே பண்டசாலை வைத்துத் துணி வாங்கிப் போனவன் அவன். அன்று நம் துணி அவன் நாட்டுக்குப் போயிற்று. இன்று அவன் நாட்டுக் கதை நம் மகளின் கைக்குள்ளே வந்திருக்கிறது. வரட்டும். உலகத்துக் கதைகளைப் படிப்பது குற்றமல்ல.

பின் எது குறை? காதல் அல்ல, தோழர்களே! அந்தக் கதைகள் சொல்லும் பொய்தான் குறை. என்ன பொய்? ஏழை வீட்டுப் பெண்ணுக்குக் கல்விக்கூடத்தின் கதவு திறப்பது ஒரு பணக்காரப் பையனின் கண்ணசைவிலே என்ற பொய்! உப்பளத்திலே பிறந்தவள் உப்பரிகை ஏற வேண்டுமானால், உப்பரிகையிலே நிற்பவன் கை கொடுக்க வேண்டும் என்ற பொய்! அவள் அறிவுள்ளவள் என்பார்கள், ஆனால் அறிவு அவளைக் கரை சேர்ப்பதில்லை. அவன் அன்பு சேர்க்கிறது. ஆயிரம் பேர் வெளியே நிற்க, ஒருத்தி மட்டும் உள்ளே போகிறாள். வெளியே நிற்கும் ஆயிரம் பேரைப் பற்றிக் கதை மூச்சுவிடுவதில்லை. மதில் இடியவில்லை, ஒருத்திக்கு மட்டும் மாலை விழுகிறது.

உண்மையான உறைவிடப் பள்ளிக் கதை ஒன்று நம்மிடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாம் அதைச் சொன்னோமா? சேரன்மாதேவி குருகுலம்! நடத்தியவர் வ.வே.சு. ஐயர். வெள்ளையனை எதிர்த்த வீரர், அதை யாரும் மறுக்கவில்லை. தமிழ்நாடு காங்கிரசின் பொதுப்பணம் அந்தப் பள்ளிக்குச் சென்றது. ஆனால் அங்கே பார்ப்பனப் பிள்ளைக்கு ஒரு பந்தி, மற்றவனுக்கு வேறு பந்தி! அங்கே படித்தவர்களிலே ஒருவர், நம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன். ஒதுக்கிவைத்த பானையிலே தண்ணீர் குடித்ததற்காக அந்தச் சிறுவன் அடிபட்டான் என்று இயக்க வரலாறு பேசுகிறது. பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போர்க்குரல் எழுப்பினார்கள். 1924, 25-இலே தமிழ்நாடே கொதித்தது. அதே 1925-இலே காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார்.

ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்திலே தொடங்கிய கேள்வி ஒரு நாட்டின் அரசியலையே திருப்பியது. அங்கே யாரும் ஒரு பெரிய வீட்டுப் பையன் மனமிரங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. "சமபந்தி எங்கள் உரிமை" என்றார்கள். அந்த உரிமைக் குரலின் வழித்தடத்திலேதான் 1951-இலே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. 2020-இலே மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தது. 2022 செப்டம்பரிலே, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. கதையிலே ஒருத்திக்குக் கதவு திறக்கிறது. சட்டத்திலே ஒரு தலைமுறைக்கே திறக்கிறது. எது பெரிய கதை? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கசக்கும், சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் கதைகளிலே காதலுக்குத் தடை பணம் ஒன்றுதான். சாதி என்ற சொல்லே கிடையாது. நம் மண்ணிலே? 2012 நவம்பரிலே தருமபுரி மாவட்டத்திலே சாதி கடந்த ஒரு திருமணத்துக்குப் பின்னே தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தார்கள். 2013 ஏப்ரல் 25-இலே மாமல்லபுரத்துச் சாதிச் சங்க விழாவுக்கு வண்டிகள் நம் கடற்கரைச் சாலையிலே சென்ற நாளிலே மரக்காணத்திலே மோதல் மூண்டது; குடிசைகள் எரிந்தன; உயிர்கள் போயின. அந்தப் புகையை நாம் கண்ணாலே கண்டோம். சாதி மறுப்புத் திருமணத்தை மேடையிலே வாழ்த்துகிறோம். சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை 1967-இலே நிறைவேற்றினோம் என்று மார்தட்டுகிறோம். ஆனால் நம் மகள் ஒரு காதல் கதையைப் படித்தாலே நமக்குக் கை நடுங்குகிறது! மேடைக்கு ஒரு கொள்கை, வீட்டுக்கு ஒரு கொள்கையா?

பதினாறு வயதுக் காதலுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பதினெட்டு நிறையாமல் பெண்ணுக்கு மணமில்லை என்பது சட்டம். அதற்கு முன் படிப்பு. அதற்குப் பின்னும் படிப்பு. ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள். படிப்பை நிறுத்திய வீட்டிலே அடுத்து என்ன நடக்கிறது? மாப்பிள்ளை தேடுகிறார்கள்! கதையிலே வந்த காதலுக்கு அஞ்சி, கையிலே இருக்கும் பிள்ளையைக் கல்யாணச் சந்தையிலே தள்ளுகிறார்கள். கெட்டது எது? கதையா? நம் அச்சமா?

சரி, செய்ய வேண்டியது என்ன?

ஒரு காலத்திலே தெருமுனைதோறும் படிப்பகம் நடத்தியவர்கள் நாம். முடிதிருத்தும் கடையிலே கூட நம் ஏட்டை உரக்கப் படித்தவர்கள் நாம். இன்று எத்தனை கிளைகளிலே படிப்பகம் திறந்திருக்கிறது? மகள் செல்பேசியிலே கதை தேடுகிறாள் என்றால், நாம் அவள் கையிலே வேறு புத்தகம் கொடுக்கவில்லை என்று பொருள். கூனிமேட்டிலே பூட்டிக் கிடக்கும் அறையைத் திறவுங்கள். பெண் பிள்ளைகள் வந்து உட்காரும்படி ஒரு விளக்கும் நாலு நாற்காலியும் போடுங்கள். அரசு மாணவியர் விடுதிகளுக்கும் போய்ப் பாருங்கள். அங்கே குளியலறைக் கதவுக்குத் தாழ் இருக்கிறதா, குடிநீர் வருகிறதா, படிக்கப் புத்தகம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மனுக் கொடுங்கள். நம் பிள்ளைகளின் உறைவிடப் பள்ளி அதுதான்!

அந்த விடுதியிலே தங்கிப் படிக்கும் உப்பளத்துப் பெண்ணைப் பற்றி எத்தனை நாவல் வந்திருக்கிறது? ஐப்பசி மழையிலே பாத்தி மூழ்கி, அப்பனுக்கு வேலையில்லாமல் போகும் மாதத்திலே, அவள் தேர்வுக் கட்டணத்துக்கு என்ன செய்வாள்? பக்கத்துக் கட்டிலிலே படுத்திருக்கும் தோழியின் சாதி என்ன என்று கேட்காமலே அவளோடு ஒரே தட்டிலே உண்ணும் இரவு எப்படி இருக்கும்? அங்கே மலரும் அன்பும் அன்புதானே! அதை எழுத ஆள் வேண்டாமா?

அந்தத் தோழரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கிலே குடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "போனைத் திருப்பிக் குடுத்துடட்டுமாண்ணே?"

கொடுங்கள் என்றேன். கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள் என்றேன். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருநாள் எழுதும். அன்று நம் உப்பளத்தின் கதையும் உலகுக்குக் கேட்கும்!