“இருந்திருந்தால்” என்ற நினைப்பு



சென்ற மாதம் நித்திரையின்மை பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒரு தாய் என்னிடம், “படுத்தால் ஒரே நினைப்புத்தான். அன்றைக்கு மகனைத் தண்ணீர் எடுக்க அனுப்பாமல் விட்டிருந்தால் அவன் இருந்திருப்பான். இத்தனை வருடமாகியும் இது போகவில்லை. என்ரை மூளையிலே ஏதும் பழுதோ?” என்று கேட்டார். சீர்மிய வேலையில் இந்தக் கேள்வியைப் பல பெண்களிடமிருந்து நான் கேட்டிருக்கிறேன். எனவே இம்மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

பழுது இல்லை என்பதே முதல் பதில். ஏன் என்று விளங்கிக்கொள்ள, “ஆல்” என்ற சிறிய விகுதியை எமது மூளை எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்போம். “மழை பெய்தால் மண் நனையும்” என்கிறோம். “சீட்டு எடுத்தால் மாதக் காசு கட்ட வேண்டும்” என்கிறோம். “நான் போகாமல் இருந்திருந்தால்” என்றும் சொல்கிறோம். மூன்றிலும் “ஆல்” ஒன்றுதான். ஆனால் மூளைக்கு இவை மூன்றும் ஒரே வேலை அல்ல.

இலண்டனில் பீற்றர் வேசன் என்ற உளவியலாளர் 1966 இல் ஒரு புதிரை வெளியிட்டார். எமது எழுத்தில் சொல்வதானால் அது இப்படி: மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் எழுத்து, மறுபக்கத்தில் எண். எமக்குத் தெரிவது அ, க, 4, 7. “ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டை எண் இருக்கும்” என்பது விதி. அது சரியா என்று அறிய எந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும்? பலர் “அ”வையும் 4 ஐயும் சொன்னார்கள். சரியான விடை “அ”வும் 7 உம். 7 இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி பிழைத்துவிடும். 4 இன் பின்னால் எது இருந்தாலும் விதிக்குப் பாதகமில்லை. படித்தவர்களிலும் பத்தில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

இதே புதிரை 1982 இல் அமெரிக்காவின் புளொரிடாவில் வேறு உடுப்புப் போட்டுக் கொடுத்தார்கள். “பியர் குடிப்பவர் என்றால் 19 வயதுக்கு மேற்பட்டவராக இருக்க வேண்டும்.” யாரைச் சோதிப்பது? பியர் குடிப்பவரையும், வயது குறைந்தவரையும். நான்கில் மூன்று பங்கினர் அளவில் சரியாகச் சொன்னார்கள். கணக்கு அதேதான், மாறியது விடயம் மட்டுமே.

எங்கள் சங்கங்களில் இது புதிதல்ல. “சீட்டு எடுத்தவர் கட்ட வேண்டும்” என்றால், எடுத்தவர்களையும் கட்டாதவர்களையும்தான் பார்ப்போம். கட்டியவரையும் எடுக்காதவரையும் யாரும் தேடிப் போவதில்லை. பள்ளிக்கூடம் போகாத அம்மாவும் இதை நொடியில் சொல்லிவிடுவார்.

1989 இல் லீடா கொஸ்மிடிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், கொடுக்கல் வாங்கலில் ஏமாற்றுபவரைக் கண்டுபிடிக்க மனித மூளையில் தனியான ஏற்பாடு உண்டு என்று வாதிட்டார். எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் 2002 இல் வெளிவந்த ஓர் ஆய்வு யோசிக்க வைத்தது. கண்களுக்கு மேலேயுள்ள முன்மூளையின் அடிப்பகுதியும், உணர்ச்சியோடு தொடர்புடைய உட்பகுதிகளும் பாதிக்கப்பட்ட ஒரு நோயாளி, “ஆபத்தான வேலை செய்தால் பாதுகாப்பு அணிய வேண்டும்” என்ற மாதிரியான விதிகளில் சுமார் 70 வீதம் சரியாகச் சொன்னார். “நன்மை பெற்றால் அதற்குரியதைக் கொடுக்க வேண்டும்” என்ற விதிகளில் அவர் 40 வீதத்தையும் எட்டவில்லை. இரண்டு “ஆல்”களுக்கும் மூளை முற்றிலும் ஒரே வழியில் போகவில்லை என்று இது காட்டுகிறது.

இனி மூன்றாவதற்கு வருவோம். “இருந்திருந்தால்” என்பது நடந்ததை விட்டு, நடக்காத ஒன்றை மனதில் கட்டியெழுப்பி, இரண்டையும் ஒப்பிடும் வேலை. 2004 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒரு விளையாட்டை வைத்தார்கள். இரண்டு சக்கரங்களில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். தெரிவு செய்யாத சக்கரத்தில் என்ன விழுந்தது என்பதும் பிறகு காட்டப்படும். மற்றதில் கூடுதல் பணம் விழுந்தது என்று கண்டபோது சாதாரண மனிதர்கள் வருந்தினார்கள். அடுத்த முறை அந்த வருத்தத்தைத் தவிர்க்கப் பார்த்தார்கள். நான் மேலே சொன்ன முன்மூளையின் அடிப்பகுதி பழுதுபட்டவர்களோ அப்படி வருந்தவில்லை. அதனால் கற்கவுமில்லை.

ஆகவே சகோதரிகளே, வருந்தத் தெரிந்த மூளை வேலை செய்கின்ற மூளை. அடுத்த முறைக்குப் பாடம் எடுப்பதற்காகவே அது இந்த நினைப்பைக் கொண்டு வருகிறது. அடுத்த முறை என்று ஒன்று இல்லாத இழப்பில்தான் சிக்கல். படிப்பதற்குப் பாடம் இல்லை. மூளையோ புத்தகத்தைத் திரும்பத் திரும்ப விரிக்கிறது.

வீதி விபத்தில் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ பறிகொடுத்தவர்களைப் பற்றி 1995 இல் ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. விபத்து நடந்து 4 முதல் 7 வருடங்கள் கழிந்த பின்னும் பலர் “இப்படிச் செய்திருந்தால்” என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மனதில் மாற்றிப் பார்த்தது பெரும்பாலும் தங்களுடைய செயலைத்தான், மோதிய சாரதியின் செயலை அல்ல. அப்படி அடிக்கடி நினைத்தவர்களின் துயரமும் கூடுதலாக இருந்தது.

ஏன் எங்கள் செயலையே பிடித்துக்கொள்கிறோம்? எங்கள் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். எறிகணையை நாங்கள் நிறுத்தியிருக்க முடியாது. 2004 டிசம்பர் 26 இல் கடலை நிறுத்தியிருக்க முடியாது. மகனைத் தண்ணீருக்கு அனுப்புவதும் விடுவதும் எம் கையில் இருந்தது. அதனால் மனம் அந்த இடத்தில் போய் நிற்கிறது.

இங்கே ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். “நான் அனுப்பாமல் விட்டிருந்தால் அவன் இருந்திருப்பான்” என்பது உண்மையாகவே இருக்கலாம். 2009 இல் வன்னியில் பாதுகாப்பு வலயம் என்று சொல்லப்பட்ட இடங்களிலும் எறிகணை விழுந்ததால், அதுகூட நிச்சயமில்லை. உண்மை என்றே வைத்தாலும், அதிலிருந்து “அவன் சாவுக்கு நான் காரணம்” என்று வராது. மாற்றியிருக்கக் கூடியது வேறு, காரணம் வேறு. தாகத்திற்குத் தண்ணீர் எடுப்பித்த தாய் குற்றம் செய்யவில்லை. குற்றம் எறிகணையை ஏவியவருடையது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒரு சொல். நீங்கள் “அவர் உயிரோடு இருந்தால்” என்று சொல்கிறீர்கள். அது முடிவு தெரியாத “ஆல்”. அதை “இருந்திருந்தால்” என்று மாற்றச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் “நான் அன்று கையைப் பிடித்திருந்தால்” என்ற சுமையை இறக்கி வைக்க, அவரைப் பற்றிய பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

செய்து பார்க்கக்கூடிய மூன்று காரியங்கள்:

ஒன்று, அந்த வசனத்தை ஒரு கொப்பியில் முழுதாக எழுதுங்கள். அதன் கீழே, அன்று காலை உங்களுக்குத் தெரிந்திருந்ததை மட்டும் எழுதுங்கள். பின்னர் தெரிய வந்ததைச் சேர்க்க வேண்டாம்.

இரண்டு, “என்னால் மாற்றியிருக்க முடிந்தது எது?”, “இதைச் செய்தது யார்?” என்ற இரு கேள்விகளுக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள்.

மூன்று, முன்னோக்கிய “ஆல்” ஒன்றைத் தயார் செய்யுங்கள். “இரவில் அந்த நினைப்பு வந்தால், எழுந்து முகம் கழுவி, அக்காவோடு இரண்டு வார்த்தை கதைப்பேன்” என்பது போல. இன்னது வந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்கள் அதைக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன.

சாப்பாடும் நித்திரையும் வாரக்கணக்காகக் குழம்பினாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ, அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பதில் வெட்கம் இல்லை, இதிலும் இல்லை.

அடுத்த மாதம், பிள்ளைகள் “அப்பா எங்கே?” என்று கேட்கும்போது என்ன சொல்வது என்பது பற்றி எழுதுகிறேன்.