மாட்டின் அச்சமும் குடியானவரின் நஷ்டமும்

மாட்டை அடிப்பது ஜீவகாருண்யத்திற்கு விரோதம் என்று சொன்னால் ஆம் என்று தலையசைத்துவிட்டு, மறுகணமே தார்க்குச்சியைக் கையில் எடுப்போர் பலர். அது குடியானவரின் வரும்படிக்கும் விரோதமானது என்பதை அவர்கள் அறிந்தால் குச்சி தானாகவே கீழே விழும்.

கால்நடையின் தேகத்தை மூன்று அமைப்புகள் பரிபாலிக்கின்றன. நரம்புகள் நொடிப்பொழுதில் செய்தி கொண்டுபோகும். நாளமில்லாச் சுரப்பிகள் ஹார்மோன் என்னும் இரசங்களை இரத்தத்தில் கலந்து அனுப்பும். வெள்ளணுக்கள் முதலிய நோயெதிர்ப்பு அமைப்பு கிருமிகளைத் தடுத்துக் காவல் புரியும். இம்மூன்றும் தனித்தனியே வேலை செய்வன என்று முன்பு கருதப்பட்டது. அவை ஒன்றுக்கொன்று ஓயாது செய்தி அனுப்பிக்கொள்கின்றன என்பது இப்போது ஐயமற்ற விஷயம்.

முதலாவது, பால் கறப்பைக் கவனிக்கலாம். கன்றின் வாயோ கறப்பவர் கையோ காம்பில் பட்டவுடன் நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது மடியை அடைந்து பாலை இறக்குகிறது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஈலி, பீட்டர்சன் என்ற இருவர், மடியின் ஒரு பாதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்த பின்னும் இரு பாதிகளிலும் பால் இறங்கியதைக் காட்டினர். மடிக்குக் கட்டளை இரத்தத்தின் வழியே வருகிறது என்பது இதனால் விளங்கிற்று. பசுவை மிரட்டியபோதும், அட்ரினலினை ஊசி மூலம் செலுத்தியபோதும் பால் இறங்கவில்லை. அஞ்சிய மாட்டின் உடலில் சுரப்பதும் அந்த அட்ரினலினே. ஆகவே பாலை அடக்கும் பசு பிடிவாதம் செய்யவில்லை, அது பயந்திருக்கிறது. அதனை அடிப்பது பாலை இன்னும் அடக்கவே உதவும். இதற்குப் பரிகாரமாக ஊசியை நாடுவதும் தகாது. பால் பெருக்கும்பொருட்டு மாட்டின் உடல்நலத்திற்குக் கேடான ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

இரண்டாவது, நோயைப் பற்றியது. பசி, குளிர், நெடும்பயணம், ஓயாத மிரட்டல் ஆகியவை நீடித்தால் அட்ரீனல் சுரப்பி கார்ட்டிசால் என்ற ஹார்மோனை மிகுதியாக விடும். அது நெடுநாள் நீடித்தால் நோயெதிர்ப்பு தளரும். 1936-ஆம் ஆண்டில் மான்ட்ரியால் நகரில் ஹான்ஸ் செல்யே என்பவர், இவ்விதத் துன்பங்களுக்கு உட்பட்ட எலிகளில் அட்ரீனல் சுரப்பி பருத்து, எதிர்ப்பு அணுக்கள் வளரும் தைமஸ் சுருங்கியதைக் கண்டார். நம் நாட்டுத் தொண்டை அடைப்பான் நோயின் கிருமி, நலமாகத் தோன்றும் மாட்டின் தொண்டையிலும் ஒடுங்கியிருக்கும். மழையில் நனைந்து, பட்டினியுடன் நெடுந்தூரம் நடத்தப்பட்ட மாட்டில் அது தலைதூக்கும். சந்தையில் மலிவாய் வாங்கிய எருது ஒரு வாரத்தில் மாண்டால் விதியை நோவதில் பயனில்லை.

மூன்றாவது, காவல் அணுக்களும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. அதனாலேயே நோயுற்ற மாட்டிற்குக் காய்ச்சல் எழுகிறது. அது தீனி மறுத்துப் படுத்துவிடுகிறது. இது சோம்பலன்று, நோயோடு போராட உடல் பலத்தைச் சேமிக்கும் முறையாகும். அம்மாட்டைக் குத்தியெழுப்பி ஏரில் பூட்டுவது நோய்க்குத் துணைபோவதாகும்.

அடியாத மாடு படியாது என்பர் சிலர். ஒரே குரலுக்கும் ஒரே கைக்கும் பழகிய மாடு சொல்லுக்கே படியும். அடிக்குப் பழகிய மாடோ அடிப்பவரைக் கண்டாலே மிரளும்.

ஆதலால் குடியானவர்கள், தினமும் ஒரே வேளையில் ஒரே ஆள் கூச்சலின்றிக் கறக்கும்படி செய்க. ஆக்ஸிடோசினின் வேகம் சில நிமிஷங்களே நிற்குமாதலால், பால் இறங்கியவுடன் தாமதமின்றிக் கறந்து முடிக்க வேண்டும். வாங்கிவந்த மாட்டைத் தனியே கட்டி, தண்ணீரும் தீனியும் இளைப்பாறுதலும் கொடுத்த பின்னரே வேலை வாங்க வேண்டும். கிராம அதிகாரிகள், மழைக்கு முன்னரே தடுப்பூசி முகாமுக்கு ஏற்பாடு செய்து, அவ்விடத்தில் நிழலும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கச் செய்து, மாடுகளை வெயிலில் நெருக்கி நிறுத்தாமல் சிறு சிறு தொகுதியாக வரவழைப்பார்களாக. இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். ஒரு மாட்டின் விலையோ சொற்பமன்று.