பச்சோந்திக் கூண்டுக்கு எந்தத் தரை நல்லது?

ஸ்ரீபெரும்புதூர் வட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கொல்லை வேலியில் மகன் பிடித்துவந்த பச்சோந்தி நான்கு நாளாக அட்டைப்பெட்டியில் இருக்கிறது. ஒரகடம் பக்கம் பேலட் உடைக்கும் இடத்தில் கிடைத்த மரத்தூளை அடியில் பரப்பியிருக்கிறார்கள். பூச்சி பிடித்துப் போட்டும் தின்னவில்லை. கிண்ணத்துத் தண்ணீரும் குறையவில்லை. மரத்தூளை எடுத்துவிட்டு மணல் போடலாமா, தேங்காய் நார்க்கழிவு போடலாமா என்பது கேள்வி.

முதலில் மரத்தூளை அள்ளி வெளியே கொட்டுங்கள். இரண்டு மடிப்பு செய்தித்தாளை விரித்தால் இப்போதைக்குப் போதும். பச்சோந்தி நாக்கை நீட்டித்தான் இரை பிடிக்கும். அந்த நாக்கு அதன் உடம்பு நீளத்துக்குக் குறையாமல் பாயும்; நுனியில் பசை உண்டு. பூச்சி தரையில் இருந்தால், பூச்சியோடு சேர்ந்து தூளும் மணலும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய்விடும். அவை குடலில் சேர்ந்து அடைத்தால் தீனி எடுக்காது, எச்சம் போகாது, சில நாளில் செத்துப்போகும். கோழிக்குஞ்சு வளர்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. புரூடரில் உமியைப் பரப்பி, முதல் சில நாள் அதன்மேல் செய்தித்தாள் விரிக்கிறோமே, குஞ்சு தீவனம் என்று நினைத்து உமியைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தானே!

ஆகவே மணலும் வேண்டாம், நார்க்கழிவும் வேண்டாம். கூழாங்கல், மரப்பட்டைச் சீவல் இரண்டும் இன்னும் மோசம். ஈரமாகவே கிடக்கிற நார்க்கழிவில் பூஞ்சணமும் பிடிக்கும்.

பேலட் மரத்தூள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலைகள் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் மலிவாகக் கிடைக்கிற பொருள் இது. கோழிக்கும் ஆட்டுக்கும்கூடப் பலர் பரப்புகிறார்கள். ஏற்றுமதி இறக்குமதிக்குப் பயன்பட்ட பலகையில் கோதுமைக் கதிர் போட்ட முத்திரை ஒன்று இருக்கும். அதில் 'எச்.டி.' என்று இருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கிய மரம். 'எம்.பி.' என்று இருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்திய மரம். பலகையாக இருக்கும்போது முத்திரையைப் பார்க்கலாம். தூளானபின் எந்தப் பலகை எது என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு அதில் பிளைவுட் தூளும் கலந்திருக்கும், அந்தப் பசையில் ஃபார்மால்டிஹைடு உண்டு. பலகைமேல் என்ன எண்ணெய், என்ன ரசாயனம் சிந்தியது என்பதற்கும் கணக்கில்லை. கோழிக்கொட்டகைக்கு நெல் உமி கிடைக்கும்வரை இந்தத் தூளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஆனால் அந்தப் பச்சோந்தி பட்டினி கிடப்பதற்குத் தரை மட்டும் காரணமல்ல. அது தரையில் வாழும் பிராணியே அல்ல. கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து கிடுக்கி மாதிரி இருக்கின்றனவே, அவை கிளையைப் பற்றுவதற்கு. வாலும் அதற்குத்தான். பற்றிக்கொள்ளக் கிளை இல்லாத பெட்டி அதற்குப் பயத்தைத்தான் தரும். கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரைப் பெரும்பாலும் அது தண்ணீர் என்றே கண்டுகொள்ளாது. இலைமேல் நிற்கிற பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கித்தான் குடிக்கும். நான்கு நாளாகக் கிண்ணம் குறையவில்லை என்றால், அது நான்கு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்று பொருள். பசியைவிட இது அவசரம். ஒரு கிளையை வைத்து, அதன் இலைகளில் தண்ணீரைத் தெளித்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் ஊர்ப் பச்சோந்தியை வீட்டில் வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் அது இருக்கிறது. பிடிப்பது, அடைத்துவைப்பது, விற்பது எல்லாமே குற்றம். வெளிநாட்டில் வளர்ப்பதைப் படத்தில் பார்த்திருப்பார்கள். அவை ஏமன், மடகாஸ்கர் நாட்டு இனங்கள். அவற்றை இங்கே வைத்திருப்பவர்களும் 2024-ல் வந்த விதிகளின்படி அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

மகன் பிடித்தது ஓணானாக இருக்குமோ என்ற சந்தேகம் வேண்டாம். தலை சிவந்த ஓணானையும் பச்சோந்தி என்று சொல்கிறவர்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஓணான் கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும். பச்சோந்தி ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே நடக்கும். ஒரு கண் முன்னே பார்க்க, இன்னொன்று பின்னே சுழலும். விஷம் கிடையாது. வாயைப் பிளந்து சீறுவது வெறும் மிரட்டல்.

இன்றே கொண்டுபோய் விட்டுவிடுங்கள். வண்டலூர் காட்டுப் பக்கம் தூக்கிப் போக வேண்டாம். எந்த வேலியில் பிடித்தானோ அதே வேலியில், வெயில் ஏறுவதற்கு முன்போ தாழ்ந்த பிறகோ, புதர் அடர்ந்த இடத்தில் ஒரு கிளைமேல் ஏற்றிவிட்டால் போதும். சாலையோரம் கூடாது. அதன் நடைக்கு வாலாஜாபாத் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரிகள் எமன். காயம் இருந்தாலோ கண் குழிவிழுந்து கிடந்தாலோ அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பிள்ளை தெரியாமல் பிடித்ததைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

வயிறு பருத்திருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பெண் பச்சோந்தி தரைக்கு இறங்குவது முக்கியமாக ஒரு வேலைக்குத்தான். மழைக்காலத்தை ஒட்டி ஈர மண்ணில் குழி தோண்டி, பத்து முதல் முப்பது முட்டை வரை இட்டு மூடிவிட்டு மறுபடி ஏறிவிடும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கித் தாய் செத்துப்போகக்கூடும். அதற்குப் பாதுகாப்பான தரை என்று கேட்டால், புதரடியில் ஒரு முழம் ஆழத்துக்கு உழாத, மருந்து படாத மண். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் கார் ஆலை திறந்தார்கள். அந்த ஆண்டுகளில் கிளுவையும் கள்ளியும் நின்ற எத்தனையோ வேலிகள் மதில்சுவராகிவிட்டன. உங்கள் கொல்லையில் உயிர்வேலி மிச்சம் இருப்பதால்தான் அது அங்கே வந்திருக்கிறது. கம்பிவேலிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால் ஒரு பக்கத்தையாவது விட்டுவையுங்கள்.

பையன் ஏமாந்துபோவானே என்று கவலைப்பட வேண்டாம். இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் எடுத்துக்கொண்டு, பெரியவர் ஒருவர் துணையோடு, காலில் செருப்பு போட்டுக்கொண்டு அதே வேலிக்குப் போகச் சொல்லுங்கள். பச்சோந்தி தூங்கும்போது நிறம் வெளுத்துக் கிளை நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டு இருக்கும். பகலில் கண்ணில் படாதது, டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும்.